அரிப்புக்குப் போகிறோம்: நோட்டீஸில் 'அல்லிராணி கோட்டை' என்று போடலாமா, கூடாதா?

கொட்டகலைப் பையன்
டிசம்பர் லீவில் எங்கள் பழைய மாணவர் கூட்டம் வேன் பிடித்து மன்னார் பக்கம் போகிறது. நம் முன்னோர் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து 200 வருஷம் ஆனதை நினைத்து 2023-ல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, மலையகம் 200 நடைபயணம், அதில் சேர முடியாத ஆதங்கம் பல பேருக்கு இன்னும் இருக்கிறது. நாங்கள் நடக்கப் போவதில்லை. தலைமன்னார் இறங்குதுறை, திருக்கேதீஸ்வரம் பார்த்துவிட்டு, அப்படியே தெற்கே முசலிப் பிரதேச சபைக்குள் அரிப்பு வரை. நோட்டீஸ் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. "அல்லிராணி கட்டிய கோட்டையைக் காண வாரீர்" என்று எழுதி வட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். பாதிப் பேர் கைதட்டினார்கள். மீதிப் பேர் "வெள்ளைக்காரன் பங்களாவை ராணி பேரில் எழுதி வைக்க நீ யார்" என்று பிடித்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வட்டவளை வாத்தி
தம்பி, இதில் பேச என்ன இருக்கிறது? அரிப்புக் கடலோரம் இடிந்து நிற்கும் அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் பிரெடரிக் நோர்த். 1798 முதல் 1805 வரை இருந்த, இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநர். முத்துக்குளிப்பு நடக்கும் மாதங்களில் வந்து தங்குவதற்கு 1801-க்கும் 1804-க்கும் இடையில் கட்டிக்கொண்டார். செங்கல் கட்டு, மேலே சிப்பிச் சுண்ணாம்புப் பூச்சு. கிரேக்கத்து டோரிக் தூண் வைத்ததால் ஆங்கிலத்தில் அதன் பெயரே 'டோரிக்'. மகாபாரதக் காலத்து ராணி டோரிக் தூண் நிறுத்தினாள் என்று அச்சடித்தால் ஓ.எல். பரீட்சை எடுக்கிற பிள்ளை கூடச் சிரிக்கும்.

அதோடு, அது கோட்டையும் கிடையாது. கோட்டை அரிப்பில் தனியாக இருக்கிறது. போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தரிடம் போன சின்னக் கோட்டை. ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயக் கப்பல்காரர் கண்டி ராஜ்ஜியத்தில் 19 வருஷத்துக்கு மேல் சிறைக்கைதியாகக் கிடந்து, 1679 ஒக்டோபரில் தப்பி வந்து சேர்ந்த இடம் அந்தக் கோட்டைதான். உங்கள் நோட்டீஸில் போட வேண்டிய சங்கதி அது. நம் மலையிலிருந்து கிளம்பிய ஒரு மனிதன், அனுராதபுரம் தாண்டி, அருவி ஆற்றின் ஓரமாகவே காட்டுக்குள் நடந்து அரிப்பில் போய் விழுந்தான். தோட்ட வேலைக்கு வந்த நம் ஆட்கள் அதற்கு எதிர்த்திசையில், மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்கு நடந்தார்கள். இதை விட்டுவிட்டு இல்லாத ராணியைத் தேடி வேன் பிடிக்கிறீர்கள்.

நானுஓயா மூடுபனி
நொக்ஸ் அரிப்புக்குப் போனது காட்டில் கொசு கடித்துத்தான் என்று நினைக்கிறேன். பேர்க்காரணம் கண்டுபிடித்தாச்சு, திரியை மூடலாம்.

பதுளைப் பொண்ணு
சேர், கட்டியது நோர்த் என்பதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. அந்தக் கட்டடத்துக்கு சனம் என்ன பேர் வைத்தது, ஏன் வைத்தது என்று நீங்கள் கேட்கவே மாட்டேன் என்கிறீர்கள். நோர்த் 1805-ல் கப்பலேறிப் போய்விட்டார். கட்டடம் நின்றது, சிலாபமும், அதாவது முத்துக்குளிப்பும், நடந்தது. ஒவ்வொரு முறையும் கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், அரபு நாடு என்று எல்லாக் கரையிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள்.

அந்த வேலை எப்படி நடந்தது என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். நடுச்சாமத்தில் தரைக்காற்றுப் பிடித்து வள்ளங்கள் சிப்பி விளையும் பார் நோக்கிப் போகும். விடிந்ததும் வெடிச்சத்தம், அதற்கு முன்னால் யாரும் குதிக்கக் கூடாது. காலில் கல், மூக்கைப் பிடித்தபடி இறங்கி, ஒரு நிமிஷத்துக்குள் கூடையில் அள்ளி மேலே வர வேண்டும். சுறாவுக்கு வாய் கட்ட மந்திரம் போடும் கடல்கட்டிக்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்திருக்கிறது, அது தெரியுமா? மத்தியானம் திரும்பி வந்தால் கொட்டு. வேலி அடைத்த பெரிய முற்றம். வள்ளத்துத் தலைவனான தண்டல் தன் வள்ளத்துச் சிப்பி முழுவதையும் அங்கே மூன்று குவியலாகப் பிரித்து வைக்க வேண்டும். துரை வந்து இரண்டைக் காட்டுவார், அது அரசாங்கத்துக்கு. மிச்சம் ஒன்றுதான் உயிரைக் கொடுத்து மூழ்கினவனுக்கு. சாயங்காலம் அரசாங்கச் சிப்பி ஆயிரம் கணக்கில் ஏலத்துக்குப் போகும்.

இப்போது அந்த மூழ்குகிறவன் கண்ணால் பாருங்கள். கடலில் இருப்பதெல்லாம் யாரோ ஒருவருக்குச் சொந்தம், அந்த ஆள் கரையில் உயரமான வெள்ளை மாளிகையில் இருக்கிறார். தமிழ்க்கதையில் அப்படிக் கடலையும் முத்தையும் கறாராக ஆண்ட ஆள் யார்? அல்லிராணி. ஆம்பிளைகளை நடுங்க வைத்தவள், யாருக்கும் பணியாதவள். நம் தோட்டத்திலேயே கொஞ்சம் அதிகாரமாகப் பேசுகிற பொம்பளையை "பெரிய அல்லிராணி" என்றுதானே சொல்கிறோம். வாசிக்கத் தெரியாத ஆட்கள் அதிகாரத்துக்கு அவர்கள் மொழியில் பேர் வைத்திருக்கிறார்கள். அதை அழித்துவிட்டு 'டோரிக்' என்று போட்டால், மறுபடியும் மூன்றில் இரண்டு குவியல் துரைக்கே.

வட்டவளை வாத்தி
தங்கச்சி, எழுத்து நன்றாக இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்துக்கு ஆதாரம் உங்கள் எழுத்து மட்டும்தான். பெரிய இடிபாடு எங்கே கண்டாலும் சனம் ஒரு ராஜாவையோ ராணியையோ குடி வைத்துவிடும். அதற்கு அதிகாரம், வரி என்று இவ்வளவு ஆழமான காரணம் தேவையில்லை.

மண் நிறம் மாறினாலே போதும், கதை பிறந்துவிடும். சீதா எலியாவில் ஆற்றங்கரை மண் கறுப்பு, அனுமன் வாலால் எரித்தது என்கிறோம். வடமேற்குக் கரையில் மண் சிவப்பு, பழைய பாலி நூலான மகாவம்சம், இலங்கையின் முதல் அரசனாகச் சொல்லும் விஜயனின் ஆட்கள் கையூன்றிக் கை செம்பாகச் சிவந்ததால் தம்பபண்ணி என்கிறது. அந்தத் தம்பபண்ணியை அருவி ஆற்று முகத்தில் வைக்கிறவர்களும் உண்டு, குதிரைமலையில் வைக்கிறவர்களும் உண்டு. ஒரே கரையில் விஜயன், அவன் பெண்டாட்டி குவேனி, அல்லி, அர்ச்சுனன் எல்லோரையும் இறக்கியாச்சு. இனி யார் பாக்கி?

அல்லி கதையை எடுங்கள். புகழேந்திப் புலவர் பேரில் வழங்கும் அல்லி அரசாணி மாலையில் அவள் பாண்டியன் மகள், மதுரையை ஆள்கிறாள். மதுரை! அரிப்பு எங்கே வந்தது?

லிந்துலை தர்க்கம்
சேர் வசதியாக ஒன்றை விடுகிறார். அல்லியை அர்ச்சுனனின் மனைவி சித்திராங்கதையோடு சேர்த்துச் சொல்வது தமிழ் மரபு. சித்திராங்கதையின் ஊர் மணலூர். மணலும் கடலுமாக இருக்கும் மன்னாரைத் தவிர வேறு எது மணலூராக இருக்க முடியும்?

இரண்டாவது, அரிப்புக்குத் தெற்கே வில்பத்துக் காட்டுக்குள் கடலை முட்டி நிற்கும் குதிரைமலை. அல்லியின் அரண்மனை அங்கே இருந்து கடலுக்குள் போனது, முத்தைக் கொடுத்து அரபுக் குதிரை வாங்கினாள் என்பதுதான் அந்தக் கரையின் கதை. ரோமானியர் பிளினி எழுதியிருக்கிறார்: கிளோடியஸ் சக்கரவர்த்தி காலத்தில் செங்கடல் வரி வசூலித்த அன்னியஸ் புளோகாமஸின் ஆள் ஒருவன் காற்றில் அடித்துக்கொண்டு வந்து இலங்கையில் இறங்கிய துறைமுகம் ஹிப்புரி. கிரேக்கத்தில் ஹிப்போஸ் என்றால் குதிரை. மூன்றாவது, புறநானூற்றில் வரும் குதிரைமலைத் தலைவன் எழினி. சங்க காலத்திலேயே அந்தக் கரையில் தமிழ் அரசு இருந்திருக்கிறது. அங்கே ஒரு ராணி இருந்தாள் என்றால் என்ன அதிசயம்? நோட்டீஸில் தைரியமாக அடியுங்கள் தம்பி.

வட்டவளை வாத்தி
ஒவ்வொன்றாக வருகிறேன்.

மணலூர் என்ற பேரில் ஊர் மதுரைப் பக்கத்திலேயே இருக்கிறது. கீழடி அகழாய்வு நடந்ததே, அதன் தொடர்ச்சியாகக் கொந்தகை, அகரம், மணலூர் என்று தோண்டினார்கள். பாண்டியன் மகளின் மணலூரை மதுரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எதற்குக் கடல் தாண்ட வேண்டும்?

ஹிப்புரி சரி, பல பேர் குதிரைமலை என்றுதான் சொல்கிறார்கள், நானும் ஒரேயடியாகத் தள்ளவில்லை. ஆனால் ஹிப்புரஸ் என்று கிரேக்கத்தில் ஒரு மீனுக்கும் பேர். இன்றைக்கும் அந்த மீனின் விஞ்ஞானப் பேரில் அந்தச் சொல் இருக்கிறது. பேர் ஒத்துப்போகிறது என்பது தடயம், சாட்சி ஆகாது.

எழினி விஷயத்தில்தான் நீங்கள் வசமாக மாட்டுகிறீர்கள். புறநானூற்றில் எழினிக்கு மட்டும் குதிரைமலை இல்லை. பிட்டங்கொற்றனையும் ஏறிச் செல்ல முடியாத குதிரைக்குத் தலைவன் என்று, அந்த மலையை வைத்தே பாடுகிறார்கள். அவன் சேரனின் படைத்தலைவன். சேரனின் ஆளுக்கு வில்பத்தில் என்ன வேலை? அது மேற்கே கொங்கு, சேர நாட்டுப் பக்கத்து மலை. அடுத்தது, வில்பத்துக் குதிரைமலை கடலோர மேடு. அதை 'மலை' என்று நம் பிதுருதலாகலையைப் பார்த்தவன் முன்னால் சொல்லாதீர்கள்.

லிந்துலை தர்க்கம்
கடலில் இருந்து வருகிறவனுக்கு மேடும் மலைதான் சேர். சமவெளியில் பிறந்தவன் கண்ணுக்குத் தெரிவதைத்தான் பேராக வைப்பான், உயரம் அளந்து பார்த்து வைக்க மாட்டான். பிட்டங்கொற்றன் குதிரைமலை வேறு, எழினி குதிரைமலை வேறு என்று ஏன் இருக்கக் கூடாது?

வட்டவளை வாத்தி
இருக்கலாம். அதே மாதிரி அல்லியும் வேறு, அரிப்பும் வேறு என்று இருக்கலாம்.

கம்பளைக் கடைக்காரர்
இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். நான் பிறந்தது சிலாவத்துறை, இப்போது கம்பளையில் கடை. அதனால் என் ஊரைப் பற்றி நாலு வார்த்தை.

எங்கள் பக்கத்தில் 'டோரிக்' என்று கேட்டு அலைந்தால் ஒருத்தரும் வழி காட்ட மாட்டார்கள். அல்லிராணி கோட்டை என்றால் சின்னப் பிள்ளை கூட கை நீட்டும். ஆட்டோக்காரருக்கும் அதுதான் பேர். இது முதல் விஷயம்.

இரண்டாவது, எங்கள் ஊர்ப் பேரையே நீங்கள் யாரும் எடுக்கவில்லை. சிலாபம் என்றால் முத்துக்குளிப்பு. சிலாபத்துறைதான் வாயில் தேய்ந்து சிலாவத்துறை. அந்தப் பக்கம் ஆமான கதை வேண்டும் என்றால் இந்தப் பேரைப் பிடியுங்கள், இதற்கு அர்ச்சுனனும் தேவையில்லை, கிரேக்கனும் தேவையில்லை. 1905-ல் மட்டும் 8 கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். அடுத்த வருஷம் ஒரு லண்டன் கம்பனிக்கு 20 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தார்கள், கொஞ்ச காலத்திலேயே பாரில் சிப்பி இல்லாமல் போய் கம்பனியும் மூடிவிட்டது. மரிச்சுக்கட்டியில் சிலாப காலத்துக்கு முளைத்த ஒரு நகரமே அப்புறம் காட்டோடு காடாகப் போனது. இன்றைக்கு அங்கே முத்தும் இல்லை, துரையும் இல்லை. பேர்கள் மட்டும் இருக்கின்றன.

மூன்றாவதைச் சொல்லத்தான் வந்தேன். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது முசலியும் காலியானது. எங்கள் சனம் புத்தளத்தில் முகாம்களில் வருஷக்கணக்காகக் கிடந்தது. யுத்தம் முடிந்து திரும்பினால் வீட்டையும் காணோம், வளவையும் காணோம், எல்லாம் காடு. எங்கே எது இருந்தது என்று பேரை வைத்துத்தான் வயசாளிகள் அடையாளம் காட்டினார்கள். இந்தப் பள்ளம் இன்னாருடையது, அந்தக் குளம் இன்ன பேர், அங்கிட்டு அல்லிராணி கோட்டை, இங்கிட்டுக் கொண்டச்சி. அதனால் யாராவது "அது பொய்ப்பேர், எடுத்துவிடுங்கள்" என்றால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். சேர் மேல் கோபம் இல்லை.

வட்டவளை வாத்தி
நானா, பேரை எடுக்கச் சொல்லவில்லை. ஊரார் வாயில் இருக்கிற பேர் ஊராருடையது. "அல்லிராணி கட்டிய" என்று தம்பி எழுதிய அந்த 'கட்டிய'தான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

பதுளைப் பொண்ணு
அதுதானே சேர், 'கட்டிய' என்பதை வெட்டிவிட எனக்கும் சம்மதம். ஆனால் நீங்கள் ஆரம்பத்தில் அது மட்டுமா சொன்னீர்கள்? "இல்லாத ராணி" என்றீர்கள். நம் தோட்டங்களில் காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் ஆடாமல் இருந்திருந்தால் நம் ஆட்களுக்குச் சொந்தமாக மிஞ்சியிருப்பது என்ன, காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்துக் கணக்கும் கடன் எழுதிய துண்டும் தானே? அட்டனைப் பாருங்கள், ஸ்கொட்லாந்தில் ஒரு கிராமத்துப் பேர். டன்சினன், ஹோலிரூட், எல்லாம் அவர்கள் ஊர் நினைவு. எந்தத் தோட்டத்துக்காவது நம் ஆள் ஒருத்தன் பேர் பெரிய போர்டில் இருக்கிறதா? அரிப்பில் ஒரு ஆளுநர் மாளிகைக்கே சனம் தன் கதையில் வருகிற பொம்பளை பேரை வைத்து, அது இருநூறு வருஷத்தில் ஆங்கிலப் பேரைத் தோற்கடித்திருக்கிறது. எனக்கு அதுதான் பார்க்கப் போகிற அதிசயம்.

வட்டவளை வாத்தி
இருநூறு வருஷம் என்று எப்படித் தெரியும்? கட்டடத்துக்கு வயசு அவ்வளவு. அந்தப் பேர் எப்போது ஒட்டியது என்று நீங்கள் காட்டவில்லை. கட்டடம் இடிந்த பிறகுகூட ஒட்டியிருக்கலாம். நோர்த் கூட்டமும் காவலாளும் இருந்த காலத்தில் அதை யாரும் ராணி வீடு என்று நம்பியிருக்க மாட்டார்கள். ஆள் போய், கூரை விழுந்து, கட்டினவன் பேர் மறந்த பிறகுதான் அந்த மாதிரிப் பேர் உட்காரும். அப்படியானால் மூழ்கியவன் அதிகாரத்துக்கு வைத்த பேர் என்ற உங்கள் விளக்கம் நிற்காது.

பதுளைப் பொண்ணு
இடிந்த பிறகு ஒட்டியது என்பதற்கும் நீங்கள் ஒன்றும் காட்டவில்லையே. அத்தோடு, பேர் வைக்க நம்பிக்கை எதற்கு? என்னை 'அல்லிராணி' என்று கூப்பிடுகிற எங்கள் மாமா நான் அர்ச்சுனன் பெண்டாட்டி என்று நம்பியா கூப்பிடுகிறார்? கேலியாகவும் பேர் வைப்பார்கள், பயந்தும் வைப்பார்கள். துரைமாரைப் பற்றி நம் லயத்தில் என்னென்ன பட்டப்பேர் இருந்தது என்று பாட்டியிடம் கேளுங்கள், இங்கே எழுத முடியாது.

நானுஓயா மூடுபனி
எழுதலாம் அக்கா, நாங்கள் தாங்குவோம்.

லிந்துலை தர்க்கம்
அரிப்பு என்ற பேருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. சிப்பியை அழுக விட்டு, வள்ளத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, அரித்து அரித்துத்தான் முத்தெடுப்பார்கள். அந்த அரிப்புதான் ஊர்ப்பேர் என்கிறேன். நொக்ஸ் வந்த 1679-லேயே அந்தப் பேர் இருந்திருக்கிறது, ஆகவே ஆங்கிலேயன் வைத்ததில்லை.

வட்டவளை வாத்தி
ஆங்கிலேயன் வைத்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சிப்பி அரித்ததா, கடல் கரையை அரித்ததா, ஆறு அரித்ததா என்று பேரைக் கேட்டுச் சொல்ல முடியாது. மூன்றும் அங்கே நடக்கிறது.

கம்பளைக் கடைக்காரர்
கடல் அரிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த மாளிகை நிற்பது கடலோர மண்மேட்டு விளிம்பில். அடியில் மண் சரிந்து சரிந்து சுவர் ஒவ்வொன்றாகக் கீழே போகிறது. முழுசாக நிற்பது கொஞ்சம்தான். பிள்ளைகள் செல்ஃபிக்கு ஏறும், விடாதீர்கள். நிழல் கிடையாது, தண்ணீர் போத்தல் எடுத்துக்கொள்ளுங்கள், மலைநாட்டு உடம்புக்கு அந்த வெயில் ஆகாது. குதிரைமலை அதே நாளில் முடியாது. அது வில்பத்து தேசியப் பூங்காவுக்குள், உள்ளே போக ஜீப் பிடிக்க வேண்டும். கோட்டை என்று சேர் சொன்ன பழைய ஒல்லாந்தர் கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது, இரண்டையும் பாருங்கள். எது எது என்று வேனில் வைத்தே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லோரும் ஒன்றை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு வருவார்கள்.

கொட்டகலைப் பையன்
நன்றி நானா. சரி, இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

"அரிப்பு: ஊரார் அல்லிராணி கோட்டை என்று அழைக்கும் மாளிகை. முத்துக்குளிப்பைக் கவனிக்க ஆளுநர் நோர்த் 1801–1804-ல் கட்டியது. கொட்டு முற்றத்தில் மூன்று குவியலில் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு போன மூழ்காளிகளின் கரை. கண்டியிலிருந்து தப்பிய நொக்ஸ் 1679-ல் வந்து சேர்ந்த கோட்டையும் அருகில்."

இதற்கு மேல் வரி போட்டால் அச்சகக்காரர் பெரிய தாள் என்று காசு கேட்பார்.

வட்டவளை வாத்தி
நோர்த் பேரை முதல் வரிக்குக் கொண்டு வாருங்கள். கட்டியவன் முதலில், அழைப்பது அப்புறம்.

பதுளைப் பொண்ணு
தொட வேண்டாம் தம்பி. அழைக்கிறவர்கள் முதலில். சேர் வேனில் வந்து மைக்கைப் பிடித்து நோர்த்தைப் பற்றி மாத்தளை வரைக்கும் பேசட்டும், யார் வேண்டாம் என்றார்கள்?

லிந்துலை தர்க்கம்
எழினிக்கு ஒரு வரி கூட இல்லையா? அப்படியானால் நோட்டீஸில் என் பேரைப் போட வேண்டாம். சீட்டை மட்டும் வைத்திருங்கள், ஜன்னல் பக்கம்.